தோலாவீராவுக்குப் போக எந்த வழி நல்லது?

சிந்துவெளி நகரம் ஒன்றையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை நம் ஊரில் நிறையப் பேருக்கு உண்டு. மொகஞ்சதாரோவும் ஹரப்பாவும் பாகிஸ்தானில் இருக்கின்றன; நினைத்தவுடன் கிளம்ப முடியாது. இந்தியப் பக்கத்தில், ஒரு நகரத்தின் முழு அமைப்பையும் நடந்து பார்த்து உணர முடிகிற இடம் குஜராத்தின் தோலாவீரா. 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு அங்கே போகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். சிந்து எழுத்தைப் படித்துக் காட்டுபவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்ததும் நம்மவர்களின் ஆர்வத்தைக் கிளப்பிவிட்டது.

சிக்கல், அது இருக்கும் இடம். கட்ச் மாவட்டத்தின் பெரிய ரண் உப்புவெளிக்குள், கதிர் பேட் என்ற தீவில் இருக்கிறது தோலாவீரா. பாகிஸ்தான் எல்லை தொலைவில் இல்லை. ரயிலும் விமானமும் வெகு தூரத்திலேயே நின்றுவிடும். அதனால் போக நினைக்கிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிக் கேள்விகளில் வந்து நிற்கிறார்கள். கட்ச் மாவட்டத்தின் தலைநகரான புஜிலிருந்து ஒரே நாளில் போய் வந்துவிடலாமா? அகமதாபாத்திலேயே கார் எடுத்துவிடலாமா? அரசுப் பேருந்து இருக்கிறதாமே, அது போதாதா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வழியில் போனாலும் சரி, ஓர் இரவாவது தோலாவீராவில் தங்குங்கள். ஏன் இப்படி அடித்துச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் உண்டு.

## எதை வைத்து எடை போடுவது?

பெரும்பாலானவர்கள் கிலோமீட்டரையும் வாடகையையும் மட்டும் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, அந்த இடத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது, அது எந்த நேரம் என்பதை.

மதிலுக்குள் இருக்கும் நகரம் மட்டுமே ஏறக்குறைய 770 மீட்டர் நீளம், 617 மீட்டர் அகலம். மேட்டின் உச்சியில் கோட்டை, அதற்குக் கீழே நடு நகரம், அப்புறம் கீழ் நகரம். சுற்றிலும் பெரிய பெரிய நீர்த்தேக்கங்கள். மன்சர், மன்ஹர் என்ற இரண்டு ஓடைகளில் மழைக்காலத்தில் மட்டும் ஓடும் தண்ணீரைத் தடுத்துத் திருப்பி, வருடம் முழுக்க ஒரு நகரத்துக்குக் குடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். இதையெல்லாம் அவசரமாகச் சுற்றி வந்தால் கல் குவியலாகத்தான் தெரியும். ஓடை எந்தப் பக்கம், மதகு எந்தப் பக்கம், வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது என்று நின்று நிதானித்துப் பார்த்தால்தான் அந்த ஊர் பிடிபடும். இதற்குக் குறைந்தது மூன்று மணி நேரம் ஆகும்.

அந்த மூன்று மணி நேரமும் நடுப்பகலாக இருக்கக் கூடாது. நிழல் என்று சொல்லிக்கொள்ள அங்கே பெரிதாக எதுவும் இல்லை. டிசம்பரிலேயே 11 மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று அடிக்கும். வெளிர் நிறக் கல் கண்ணைக் கூச வைக்கும், சுவர் வரிசைகள் ஒன்றோடொன்று கலந்து தட்டையாகிவிடும். அதே இடத்தைக் காலை எட்டு மணிக்குப் பாருங்கள். சாய்வாக விழும் வெளிச்சத்தில் ஒவ்வொரு கல் வரிசைக்கும் கீழே ஒரு கோடு நிழல் விழுந்திருக்கும். கோட்டைக்குத் தெற்கே பாறையைக் குடைந்து வெட்டிய தொட்டிகளின் பக்கவாட்டில் உளி போன தடம் தெரியும். கிழக்கு நீர்த்தேக்கத்தில் இறங்கும் படிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். கோட்டை வாசலில் கிடக்கும் தூண் துண்டின் மீது கை வைக்காமல், சற்றுக் குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய மெருகு இன்னும் மினுங்குவது தெரியும். மதியம் வந்தவருக்கு இதில் பாதி கண்ணில் படாது.

இரண்டாவது, மொத்தப் பயணக் களைப்பு. மூன்றாவது செலவு, அதுவும் தலைக்கு எவ்வளவு என்பது. நான்காவது, வழியில் ஏதாவது தவறினால் என்ன மாற்று இருக்கிறது என்பது. வண்டி பஞ்சரானால் உதவிக்கு ஆள் வர நேரமாகும் ஊர் அது. பல இடங்களில் போன் சிக்னலும் கிடைக்காது. வயதானவர்களோ சின்னக் குழந்தைகளோ கூட வந்தால் இந்த நான்காவது விஷயத்தை முதலாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

## முதலில் கட்ச் போய்ச் சேர வேண்டுமே

தென் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் காந்திதாமுக்கு நேரடி ரயில்கள் உண்டு. இரண்டும் வாராந்திர ரயில்கள், இரண்டு நாள் பயணம். காந்திதாம் கட்ச் மாவட்டத்துக்குள்ளேயே இருப்பதால் அகமதாபாத்தில் மாறும் வேலை மிச்சம். கிழமைதான் நம் வசதிக்கு ஒத்துவர வேண்டும்.

சென்னைக்காரர்கள் நவஜீவன் எக்ஸ்பிரஸில் அகமதாபாத் போகலாம், அல்லது விமானம். அகமதாபாத்திலிருந்து புஜுக்கு 2024 செப்டம்பரில் தொடங்கிய நமோ பாரத் ரேபிட் ரயில் ஏறக்குறைய 360 கிலோமீட்டரை ஆறு மணி நேரத்துக்குள் ஓடிவிடுகிறது. முழுக்க ஏசி, முன்பதிவு கிடையாது. மாலையில் கிளம்பி இரவு 11 மணிக்கு மேல்தான் புஜ் சேரும் என்பதால் அறையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். மும்பை வழியாக விமானத்தில் நேரே புஜில் இறங்குவதும் உண்டு. வேகமான வழி அதுதான், கடைசி நேரத்தில் எடுத்தால் டிக்கெட் விலை எகிறிவிடும்.

## புஜிலிருந்து கார், அன்றே திரும்புவது

பெரும்பாலானவர்கள் தேர்ந்தெடுப்பது இதைத்தான். முன்பு ராப்பர் என்ற ஊரைச் சுற்றி 220 கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது. இப்போது காவ்டா என்ற ஊரிலிருந்து உப்புவெளியைக் குறுக்காகக் கடந்து தீவுக்குப் போகும் சாலை வந்த பிறகு தூரம் 130-140 கிலோமீட்டராகக் குறைந்துவிட்டது. இரண்டரை, மூன்று மணி நேரம். அந்தச் சாலையில் சுமார் 30 கிலோமீட்டருக்கு இருபக்கமும் ரண் தவிர வேறு எதுவும் இல்லை. மழைக்காலம் முடிந்த மாதங்களில் தண்ணீர் நிற்கும், பறவைகள் வந்து இறங்கும். ஜனவரி, பிப்ரவரியில் காய்ந்து வெள்ளை வெளேர் என்று உப்பு.

பிரச்சினையும் அந்தச் சாலையிலேயே இருக்கிறது. யாரும் வண்டியை நிறுத்தாமல் அதைக் கடப்பதில்லை. காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் பத்தரைக்கு முன் போய்ச் சேர முடியாது. சரியாக வெயில் ஏறும் நேரத்தில் தொல்லியல் தளத்துக்குள் நுழைவீர்கள். மதியச் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்குத் திரும்பக் கிளம்பச் சொல்லி டிரைவர் அவசரப்படுத்துவார். இருட்டில் அந்தச் சாலையில் ஓட்ட அவருக்கு விருப்பம் இருக்காது, அதில் நியாயமும் உண்டு. நல்ல வெளிச்சம் தொடங்கும் நேரத்தில் நீங்கள் வெளியேறியிருப்பீர்கள்.

வாடகைக் கணக்கில் இது மலிவு. வெளியூர் டாக்ஸிக்கு ஒரு நாளைக்கு 250 அல்லது 300 கிலோமீட்டர் குறைந்தபட்சம் என்று கணக்குப் போடுவார்கள். போய்த் திரும்பும் தூரம் அதற்குள் அடங்கிவிடும். இரண்டு நாள் மட்டுமே கையில் இருப்பவர்கள், தோலாவீராவை ஒரு முறை எட்டிப் பார்த்தால் போதும் என்பவர்கள், வெளியிடத்தில் தங்க முடியாத உடல்நிலை உள்ள பெரியவர்களோடு வருபவர்கள் இதைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை.

## புஜிலிருந்து கார், ஓர் இரவு தங்கல்

நான் பரிந்துரைப்பது இது. காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாகக் கிளம்புங்கள். ரண் சாலையில் ஆசை தீர நின்று பாருங்கள். நண்பகலில் தோலாவீரா. வெயில் நேரத்தை அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள்: முத்திரைகள், மணிகள், எடைக்கற்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. மூன்றரை மணிக்கு மேல் கோட்டைப் பக்கம் போனால் சூரியன் மறையும் வரை உங்கள் நேரம். மறுநாள் காலையில் இன்னொரு முறை நுழைந்து முந்தின நாள் விட்டுப்போன நீர்த்தேக்கங்களையும் மேற்குப் பக்க ஈமக்காட்டையும் பார்க்கலாம். இடையில், சில கிலோமீட்டர் தள்ளி ரண் ஓரத்தில் இருக்கும் மரப் புதைபடிவப் பூங்காவுக்கும் போய் வரலாம். ஜுராசிக் காலத்து மரம் கல்லாகிக் கிடக்கிறது.

கட்ச் இந்தியாவின் மேற்குக் கோடியில் இருப்பதால் டிசம்பரில் ஏழு மணிக்கு மேல்தான் விடியும். நம் ஊர்ப் பழக்கத்தில் ஆறு மணிக்கு எழுந்து கிளம்பினால் இருட்டில் குளிரில் நிற்க வேண்டியிருக்கும்.

இதில் மறைந்திருக்கும் செலவு இரண்டு நாள் வாடகை. நீங்கள் ஓடுவது மொத்தம் 280 கிலோமீட்டராக இருந்தாலும் பில் 500, 600 கிலோமீட்டருக்கு வரும். டிரைவர் பேட்டா, அவர் தங்க இடம், சாப்பாடு தனி. ஆகவே அந்தக் கிலோமீட்டரை வீணாக்காதீர்கள். போகும்போது பிரண்டியாராவில் பிரிந்து தோர்டோ வெள்ளை ரண்ணைப் பார்த்துவிட்டுப் போகலாம் (அதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும், அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும்). அல்லது திரும்பும்போது ராப்பர் வழியாகப் பச்சாவ் வந்து, அங்கேயே ரயில் ஏறிவிடலாம். அப்படிச் செய்தால் கார் புஜுக்குத் திரும்பும் தூரத்தையும் சேர்த்துக் கேட்பார்கள். கொடுக்கலாம், அரை நாள் மிச்சமாகும்.

நான்கு பேர் சேர்ந்து போனால் கூடுதல் ஒரு நாள் செலவு தலைக்குப் பெரிதாகத் தெரியாது. தனியாகப் போகிறவருக்குத்தான் கை கடிக்கும்.

தங்குமிடங்கள் குறைவு. சுற்றுலாத் துறையின் விடுதி, கூடாரங்கள், புங்கா எனப்படும் வட்டக் குடிசை அறைகள் என்று சில உண்டு. டிசம்பர், ஜனவரியில், அதிலும் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சீக்கிரமே நிரம்பிவிடும். அறை உறுதியான பிறகே காரைப் பேசுங்கள்.

## அரசுப் பேருந்து

செலவு என்று பார்த்தால் இதற்குப் பக்கத்தில் எதுவும் வராது. புஜ் பேருந்து நிலையத்திலிருந்து குஜராத் அரசுப் பேருந்து தோலாவீராவுக்குப் போகிறது. ஆனால் அது ஊர் மக்களுக்காக ஓடும் வண்டி. பிற்பகலில் புஜில் கிளம்பி இரவில் கிராமத்தைச் சேரும். விடியும் முன்பே திரும்பக் கிளம்பிவிடும். காலையில் ஊரிலிருந்து டவுனுக்கு வேலையாகப் போகிறவர்களுக்கு அது சரியான நேரம்.

நமக்கு அதன் பொருள் என்ன? இரவு இறங்கி, ஒரு இரவு தங்கி, அதே பேருந்தில் திரும்பினால் ஒரு கல்லைக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். இரண்டு இரவு தங்கியே ஆக வேண்டும். டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது இரண்டாவது இரவின் அறை வாடகைக்குப் போய்விடும். இருந்தாலும் தனியாகப் போகிறவருக்குக் கார் செலவைவிட இது குறைவுதான்.

இந்தக் கட்டாயமே ஒரு நன்மையாகவும் ஆகிவிடுகிறது. காலை, மாலை இரண்டும் முழுசாக உங்களுடையது. மாணவர்கள், தொல்லியல் படிக்கிறவர்கள், படம் வரைகிறவர்கள், அவசரம் இல்லாதவர்கள் இதில் போனால் காரில் வந்தவர்களைவிட அதிகம் பார்த்துவிட்டு வருவார்கள். இந்தி கொஞ்சம் தெரிந்தால் போதும். கிளம்பும் நாளுக்கு முந்தின நாளே நிலையத்துக்கு நேரில் போய் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், மாறியிருக்கலாம். இரவில் இறங்குவதால் தங்குமிடத்துக்கு முன்பே போன் செய்து சொல்லி வைக்க வேண்டும். சின்னக் குழந்தைகளோடு வேண்டாம்.

## அகமதாபாத்திலிருந்து நேரே கார்

ஒரு பக்கமே 360 கிலோமீட்டருக்கு மேல், ஏழு மணி நேரத்துக்குக் குறையாது. தோலாவீராவை மட்டும் பார்க்க இப்படிப் போவது வீண் அலைச்சல். முதல் நாள் முழுக்கச் சாலையிலேயே கழியும், மூன்றாம் நாளும் அப்படியே. அகமதாபாத்தில் செல்ஃப் டிரைவ் கார் சுலபமாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பலர் இதில் இறங்கிவிடுகிறார்கள். முன்பணம், கிலோமீட்டர் வரம்பு, டயர் போனால் யார் பொறுப்பு என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் சாவியை வாங்காதீர்கள்.

ஆனால் ஐந்தாறு நாள் இருக்கிறது என்றால் இதே வழி பிரமாதமாகிவிடும். வடக்கே மொதேரா சூரியக் கோயில், பாட்டனில் ராணி கி வாவ் படிக்கிணறு, அங்கிருந்து ராதன்பூர் பக்கமாக மேற்கே திரும்பி ராப்பர், தோலாவீரா. அப்புறம் ரண் சாலையைக் கடந்து புஜ். 11-ஆம் நூற்றாண்டுப் படிக்கிணற்றைப் பார்த்த கண்ணோடு தோலாவீராவின் நீர்த்தேக்கத்தில் நின்றால், தண்ணீர் அரிதான இந்த மண்ணில் மனிதர்கள் எத்தனை ஆயிரம் ஆண்டுகளாக அதே கவலையோடு கல் அடுக்கி வந்திருக்கிறார்கள் என்பது தானாகவே புரியும். இந்தச் சுற்றைப் புஜில் முடித்துவிட்டு ரயிலில் திரும்பலாம். செல்ஃப் டிரைவ் என்றால் மட்டும் வண்டியை அகமதாபாத்திலேயே ஒப்படைக்க வேண்டியிருக்கும்.

## பச்சாவ் அல்லது சாமக்கியாலியில் இறங்கி

காந்திதாம் ரயிலில் வருபவர்களுக்கும், புஜ் தேவையில்லை என்பவர்களுக்கும் இது. பச்சாவிலிருந்து ராப்பர் வழியாக ஏறக்குறைய 150 கிலோமீட்டர். ராப்பரிலிருந்து மட்டும் 90. ரண் சாலையின் அழகு இந்தப் பக்கத்தில் அவ்வளவு இல்லை, கடைசியில் தீவுக்குள் நுழையும்போது கொஞ்சம் கிடைக்கும். பச்சாவில் நின்ற இடத்தில் கார் கிடைக்கும் என்று நம்பாமல் காந்திதாமிலேயே பேசி வரச் சொல்லிவிடுங்கள். ராப்பர் வரை பஸ், அப்புறம் ஷேர் ஜீப் என்று மாறி மாறிப் போகிறவர்களும் உண்டு. நாள் முழுக்கக் காத்திருக்கத் தயாராக இருந்தால் பரவாயில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | தளத்தில் கிடைக்கும் நேரம் | களைப்பு | செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| புஜ் கார், அன்றே திரும்பல் | சில மணி நேரம், நடுப்பகலில் | நடுத்தரம் | குழுவாகப் போனால் குறைவு | நாள் இல்லாதவர்கள் |
| புஜ் கார், ஓர் இரவு | ஒரு மாலை, ஒரு காலை | குறைவு | இரண்டு நாள் வாடகை, பேட்டா, அறை | குடும்பம், பெரியவர்கள், முதல் முறை போகிறவர்கள் |
| அரசுப் பேருந்து | ஒரு முழு நாள் | அதிகம் | மிகக் குறைவு, ஆனால் இரண்டு இரவு அறை | தனிப் பயணிகள், மாணவர்கள் |
| அகமதாபாத் கார் | தங்கினால் மட்டும் நல்ல நேரம் | மிக அதிகம் | அதிகம் | மொதேரா, பாட்டன் சேர்த்துப் பார்ப்பவர்கள் |
| பச்சாவ், ராப்பர் வழி | தங்கினால் மட்டும் நல்ல நேரம் | நடுத்தரம் | காரைப் பொறுத்து | காந்திதாம் ரயிலில் வருபவர்கள் |

## எந்த வழியானாலும்

வெள்ளிக்கிழமை வேண்டாம். தொல்லியல் துறையின் தள அருங்காட்சியகங்கள் அன்று மூடியிருக்கும். வெயில் நேரத்தை எங்கே கழிப்பது என்ற திட்டமே குலைந்துவிடும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். மே மாதம் கோடை விடுமுறைக்குக் குழந்தைகளை அழைத்துப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கண்டிப்பாகக் கூடாது. அந்த உப்புவெளியின் கோடை நமக்குத் தாங்காது.

வழிகாட்டி ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். 1990-இலிருந்து 2005 வரை தொல்லியலாளர் ஆர்.எஸ். பிஷ்ட் தலைமையில் அகழாய்வு நடந்தபோது மண் அள்ளிய உள்ளூர்க் குடும்பங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. எந்தச் சுவர் எந்த ஆழத்தில் வந்தது என்று அவர்கள் சொல்வது தகவல் பலகையில் கிடைக்காது. கோட்டையின் வடக்கு வாசலில் கிடைத்த பத்து எழுத்துப் பலகையைப் பற்றி அவர்களிடம் கேளுங்கள். ஜிப்சம் துண்டுகளைப் பதித்து, தூரத்திலிருந்தே தெரியும்படி ஒவ்வொரு எழுத்தையும் ஒரு அடிக்கு மேல் உயரமாகச் செய்திருக்கிறார்கள். மரப்பலகை மட்கிப்போய், எழுத்துகள் மட்டும் விழுந்த வரிசையிலேயே மண்ணில் கிடந்தன. அந்த எழுத்துகளை நேரில் பார்க்கலாம் என்று எண்ணிப் போகாதீர்கள், மூடிப் பாதுகாத்திருக்கிறார்கள். ஆனால் அது தொங்கிய வாசலில் நின்று, கீழே விரியும் நகரத்தைப் பார்க்கலாம்.

டேங்கைப் புஜிலேயே நிரப்பிவிடுங்கள். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டராவது வண்டியில் இருக்கட்டும். வரைபடத்தைப் போனில் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ட்ரோன் எடுத்துப் போக வேண்டாம், அது எல்லைப் பகுதி. சாப்பாடு சைவம்தான்: கம்பு ரொட்டி, கிச்சடி, மோர். கடைகள் குறைவு என்பதால் தங்கும் இடத்திலேயே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது.

அன்றே திரும்பத்தான் முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள், புஜுக்குப் பதிலாக முந்தின இரவைக் காவ்டா பக்கத்தில் கழிக்க முடியுமா என்று பாருங்கள். விடியும் நேரத்தில் அங்கிருந்து கிளம்பினால் ஒன்பது மணிக்கு முன்பே தளத்துக்குள் இருக்கலாம். ரண் சாலையில் போகும்போது நிற்காதீர்கள், அதைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.